‘பிராட்பேண்ட்’ என்பது எவ்வளவு? ஒரு வரையறையும் அதற்கு வெளியே நிற்கும் சேரியும்

2023 ஜனவரியில் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஓர் அறிவிக்கை வெளியிட்டது. விநாடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் வேகத்தில் பதிவிறக்கம் செய்யும் திறன் கொண்ட இணைப்பே இனி ‘பிராட்பேண்ட்’ எனப்படும் என்பது அதன் சாரம். 2013 ஜூலை முதல் அதுவரை இந்த அளவு 512 கிலோபிட்டாக இருந்தது. அதற்கும் முன்னர், 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கையில், 256 கிலோபிட். தொழில்நுட்பம் அறிந்தோர் மட்டுமே படித்துவிட்டுக் கடந்து செல்லும் இத்தகைய அறிவிக்கையைச் சாதியொழிப்பு பேசும் தளத்தில் எதற்காக விவாதிக்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கக்கூடும்.

சட்டத்தில் வரையறை என்பது யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்கிற முடிவு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் உள்ள ஒரே ஒரு பத்தி தலித் கிறித்தவர்களையும் தலித் இசுலாமியர்களையும் இன்றுவரை பட்டியலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பதை நாம் அறிவோம். அந்தப் பத்தி எவரையும் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை. யார் பட்டியலினத்தவர் என்று வரையறுத்தது, அவ்வளவே. பிராட்பேண்ட் வரையறையும் அவ்வாறே அமைதியாக வேலை செய்கிறது.

அதன் வாசகத்தை ஒரு வழக்குரைஞரின் கண்கொண்டு படித்துப் பார்ப்போம். முதலாவதாக, அது பதிவிறக்கத்தை மட்டுமே பேசுகிறது. பதிவேற்ற வேகத்துக்கு அதில் அளவே இல்லை. உதவித்தொகைக்காகச் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இணையதளத்தில் ஏற்றும் மாணவிக்குத் தேவைப்படுவது பதிவேற்றம். வன்கொடுமை வழக்கில் காணொளி வழியாகச் சாட்சியம் அளிக்கும் பெண்ணின் முகமும் குரலும் நீதிமன்றத்தை அடைவதும் பதிவேற்றத்தால்தான். இறங்குவதை மட்டும் அளப்பதென்றால், நம்மைப் பார்ப்பவராகவும் கேட்பவராகவும் மட்டுமே ஒழுங்குமுறையாளர் கருதுகிறார் என்றாகிறது, பேசுபவராக அல்ல.

இரண்டாவதாக, ‘திறன்’ என்னும் சொல். அந்த வேகத்தை வழங்கும் ஆற்றல் இணைப்புக்கு இருந்தால் போதும். மாலை ஏழு மணிக்கு, தெருவே இணையத்தில் இருக்கும்போது, உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது வரையறைக்குள் வருவதில்லை. மகாடு நகராட்சி 1924இலேயே சௌதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடத் தீர்மானம் இயற்றியிருந்தது. தீர்மானத்தின்படி குளத்து நீரைப் பருகும் ‘தகுதி’ அவர்களுக்கு இருந்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சென்று அள்ளிப் பருக வேண்டியிருந்தது. திறந்திருப்பது வேறு, கிடைப்பது வேறு என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

மூன்றாவது கூறே நமக்கு மிக முக்கியமானது. ஆனால் எளிதில் கண்ணில் படாதது. அந்த 2 மெகாபிட், சேவையாளரின் முனையத்திலிருந்து சந்தாதாரர் வரையிலான தொலைவுக்கே பொருந்தும். அம்முனையத்துக்கு மேலே, அதாவது சிறு சேவையாளர் பெரிய நிறுவனத்திடமிருந்து மொத்தமாக விலைக்கு வாங்கும் பாதையில், எவ்வளவு வருகிறது என்பதை வரையறை கேட்பதே இல்லை. சிறு சேவையாளர் நசுங்குவது சரியாக அந்த இடத்தில்தான்.

இந்தச் சிறு சேவையாளர்கள் யார்? உயரமான ஒரு கட்டடத்தின் மீதோ கம்பத்தின் மீதோ வானலைக் கருவியைப் பொருத்தி, உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையம் தருபவர்கள். மண்ணைத் தோண்டிக் கேபிள் பதிக்க வேண்டியதில்லை. எனவே முதலீடு குறைவு. தர்மசாலாவில் திபெத்திய அகதிகளின் குடியிருப்புகளிலிருந்து வளர்ந்த ஏர்ஜல்தி இவ்வகையில் நாடறிந்த முன்னோடி. மத்தியப் பிரதேசத்தின் சந்தேரியில் நெசவாளர்களிடையே டிஜிட்டல் எம்பவர்மெண்ட் ஃபவுண்டேஷன் அமைத்த கம்பியில்லா வலையமைப்பு இன்னொன்று. பெருநிறுவனங்கள் லாபமில்லை என்று விட்டுவிட்ட இடங்களில் இவர்களே நுழைந்தார்கள். இம்முறைக்கு எல்லையும் உண்டு: கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே மறைப்பு இருக்கக் கூடாது, ஒரு கருவியின் கொள்ளளவை அதைச் சார்ந்த வீடுகள் அனைத்தும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், மேலிருந்து வாங்கும் பாதை மெலிந்திருந்தால் கீழே எத்தனை நல்ல கருவியாயினும் பயனில்லை.

இங்கே வரையறை செய்யும் வேலையைக் கவனியுங்கள். கம்பி வழி இணைப்புக்கும் கைப்பேசி இணைப்புக்கும் இந்தியாவில் ஒரே அளவுகோல்தான். எனவே 4ஜி சிம் ஒவ்வொன்றும் ஒரு பிராட்பேண்ட் சந்தா. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் கணக்கின்படி 2024 இறுதியில் நாட்டில் ஏறத்தாழ 94 கோடி பிராட்பேண்ட் சந்தாக்கள் இருந்தன. அவற்றில் கம்பி வழி இணைப்புகள் 4 கோடியைச் சற்றே தாண்டும். மீதமுள்ளவை மிகப் பெரும்பாலும் கைப்பேசியே. அப்பா வேலைக்குச் செல்லும்போது வீட்டை விட்டு வெளியேறிவிடும் ஒரு கைப்பேசியும், பத்து வீடுகளுக்கு நாள் முழுவதும் இணையம் தரும் ஒரு சிறு சேவையாளரின் வீட்டு இணைப்பும் இந்தப் பட்டியலில் ஒன்றுக்கொன்று சமம். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் கண்டது வேறொரு இந்தியா: அப்போது நாட்டுப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை நூற்றுக்கு 5 கூட இல்லை, இணைய வசதி இருந்தவை ஏறத்தாழ 15.

அளவு தாழ்வாக இருப்பதால் பயனடைவோர் பெருநிறுவனங்களும் அரசுமே. ‘எல்லோரும் இணைக்கப்பட்டுவிட்டார்கள்’ என்று அறிக்கை எழுத அது உதவுகிறது. அரசு தன் கொள்கை ஆவணங்களில் வேறு மொழி பேசி வந்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2012ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 2015க்குள் 2 மெகாபிட் என்றது. அது வரையறைக்குள் நுழைய 2023 ஆயிற்று. 2018ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை, 2022க்குள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 50 மெகாபிட் என்றது. வாக்குறுதியில் 50, சட்ட அறிவிக்கையில் 2. வாக்குறுதியைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் ஆணை பெற முடியாது. எண்ணிக்கையும் நிதியும் அறிவிக்கையைப் பின்பற்றியே நகர்கின்றன.

வேகம் என்பது உரிமைப் பிரச்சினையா என்று ஐயுறுவோர் ஜம்மு காஷ்மீரை நினைத்துப் பார்க்கட்டும். அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியே கருத்துரைப்பதும் தொழில் செய்வதும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பின் பாதுகாப்பைப் பெறும் என்றது. அம்மாத இறுதியில் அங்கே கைப்பேசி இணையம் திரும்பியது, 2ஜி வேகத்தில். 4ஜி திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஓராண்டில் பெருந்தொற்றும் வந்தது, இணையவழி வகுப்புகளும் வந்தன. ‘இணையம் இருக்கிறது’ என்று அரசு சொன்னது பொய்யில்லை. வகுப்பில் சேர முடியாத மாணவருக்கு அந்த உண்மையால் பயனுமில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில் இணைய அணுக்கத்தைக் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் இணைத்துப் பேசியது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுக்கத்தை 21ஆம் உறுப்பின் வாழ்வுரிமைக்குள் வைத்தது. இத்தீர்ப்புகளில் எதுவும் எத்தனை மெகாபிட் என்று சொல்லவில்லை. உரிமையின் அளவை நிர்ணயிக்கும் வேலை இன்னமும் தொலைத்தொடர்புத் துறையிடமே விடப்பட்டிருக்கிறது.

இனி ஊருக்குள் வருவோம். ஒன்றிய அரசின் பாரத்நெட் திட்டம் 2011இல் வேறு பெயரில் தொடங்கியபோதே கிராம ஊராட்சியை அலகாகக் கொண்டது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் 100 மெகாபிட் என்பது இலக்கு. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பணி டான்ஃபினெட் நிறுவனத்திடம் உள்ளது. இழை ஊராட்சி அலுவலகம் வரை வருகிறது. நாம் வழக்குகளுக்காகச் சென்றுவரும் ஊராட்சிகளில் அந்த அலுவலகம் பெரும்பாலும் ஊரில் இருக்கிறது. சேரி அதற்கப்பால் ஒரு வாய்க்காலையோ வயலையோ தாண்டி இருக்கிறது. ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்ததை வரவேற்கிறோம். ஆனால் சொல்லை நீக்கியபின் இழை எங்கே முடிகிறது என்று காட்டுவதற்கும் ஒரு பெயர் வேண்டுமே. ஊராட்சியை அலகாக வைத்து எண்ணும் அட்டவணையில் ஊருக்கும் சேரிக்கும் இடைப்பட்ட அந்த அரைக் கிலோமீட்டர் தெரிவதேயில்லை. ‘இணைக்கப்பட்ட ஊராட்சி’ என்று ஒரு கட்டத்தில் குறி விழுந்துவிட்டால், பொது நிதி அடுத்த ஊராட்சிக்கு நகர்ந்துவிடும்.

அந்த அரைக் கிலோமீட்டரைக் குறைந்த செலவில் தாண்டக்கூடியது கம்பியில்லா இணைப்பு. இதற்காகவே வந்தது போலத் தோன்றியது 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம். டீக்கடைக்காரரோ மளிகைக் கடைக்காரரோ உரிமமும் பதிவும் கட்டணமும் இன்றி ‘பொதுத் தரவு அலுவலகம்’ ஒன்றை நடத்தி, வைஃபை விற்கலாம். பழைய எஸ்.டி.டி. பூத்தின் மறுபிறவி எனலாம். 2018ஆம் ஆண்டின் கொள்கை 2022க்குள் 1 கோடி பொது வைஃபை மையங்கள் என்று இலக்கு வைத்திருந்தது. 2025 வரையிலும் பிஎம்-வாணி மையங்கள் சில லட்சங்களுக்குள்ளேயே நின்றன.

காரணத்தை டிராய் தன் ஆவணங்களிலேயே எழுதியிருக்கிறது. வீட்டுக்குத் தரும் சாதாரண ஃபைபர் இணைப்பை இக்கடைகளுக்குத் தரப் பெருநிறுவனங்கள் மறுத்தன. வணிக நிறுவனங்களுக்கான லீஸ்டு லைன் இணைப்பையே வாங்கச் சொல்லின. அதன் விலை, அதே வேகமுள்ள வீட்டு இணைப்பைப் போல 40 முதல் 80 மடங்கு வரை. டீக்கடை இதைத் தாங்குமா? 2024 ஆகஸ்டில் டிராய் வெளியிட்ட முதல் வரைவு, வீட்டுக்கு என்ன விலையோ அதே விலைக்குக் கடைக்கும் தர வேண்டும் என்றது. நிறுவனங்கள் எதிர்த்தன. 2025 ஜூன் மாதத்து இறுதி ஆணையில், 200 மெகாபிட் வரையிலான திட்டங்களுக்கு வீட்டு விலையின் இரு மடங்குக்கு மிகாமல் வாங்கலாம் என்றாயிற்று. 80 மடங்கோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆனால் ஏழைகளுக்கு இணையம் விற்கும் ஏழைக் கடைக்காரர், வசதியுள்ள வீட்டைவிட இரு மடங்கு கொடுக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையமே எழுதி வைத்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டீக்கடை என்றதும் நம் வாசகர்களுக்கு இரட்டைக் குவளை நினைவுக்கு வந்திருக்கும். வைஃபையை டீக்கடையில் வைப்பது என்று தில்லியில் வரைந்தவர்களுக்கு அது நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. எந்தக் கடையின் திண்ணையில் எவர் எவ்வளவு நேரம் அமரலாம் என்பது சாதியால் தீர்மானிக்கப்படும் ஊர்களில், பொது வைஃபை யாருக்குப் பொது? திட்டத்தின் வழிகாட்டுதல்கள் இதைத் தொடவில்லை. ஆனால் சட்டம் கைவிடவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு, கடைகளை அணுகுவதிலும், அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பேணப்படும் கிணறு, குளம், சாலை, பொது இடங்களைப் பயன்படுத்துவதிலும் சாதி காரணமாகத் தடை கூடாது என்கிறது. ‘கடை’ என்னும் சொல் எதையெல்லாம் குறிக்கும் என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29 அன்று கேள்வி எழுந்தபோது, அதைப் பரந்த பொருளில், தம் சேவையை அளிக்க முன்வரும் எவரையும் குறிப்பதாகவே கையாண்டிருப்பதாக அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அவ்விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் ஏற்றுக்கொண்டது. எனவே இணையம் விற்பவரும் 15(2)இன் பொருளில் ஒரு கடையே என்பது நம் வாதம். கடையிலோ பொது இடத்திலோ நுழைவதைத் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஸஏ) பிரிவு பாயும். எந்தத் தெருவுக்கு இணைப்பு தருவது, எந்தத் தெருவை விடுவது என்று ஒரு சேவையாளர் சாதி பார்த்து முடிவெடுத்தால், அது அவருடைய வணிக முடிவு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க இயலாது.

அப்படியானால் வேக அளவை 2இலிருந்து 100க்கு உயர்த்தக் கோருவதே தீர்வா? அமெரிக்காவில் நடந்தது இவ்விடத்தில் பயன்படும். அங்கே தொலைத்தொடர்புக் கூட்டாட்சி ஆணையம் 2015இல் பிராட்பேண்ட் அளவைப் பதிவிறக்கம் 25, பதிவேற்றம் 3 மெகாபிட் என உயர்த்தியது. 2024 மார்ச்சில் 100, 20 ஆக்கியது. பதிவேற்றத்துக்கும் அளவு உண்டு. கைப்பேசி இணைப்பை வீட்டு இணைப்புக்கு மாற்றாக ஏற்பதில்லை, தனித்தே மதிப்பிடுகிறது. இவ்விரண்டும் நாம் கேட்க வேண்டியவை.

ஆனால் எண்ணோடு நிதி சேர்ந்தபோது சிறு சேவையாளர்கள் நிலை மாறியது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இணைப்பற்ற இடங்களுக்கென 42.45 பில்லியன் டாலர் ஒதுக்கியது. 2022இல் வந்த விதிமுறை, உரிமம் தேவைப்படாத அலைக்கற்றையை மட்டும் நம்பிய கம்பியில்லாச் சேவையை ‘நம்பத்தகுந்த பிராட்பேண்ட்’ என்று ஏற்க மறுத்தது. விளைவாக, ஒரு சிறு சேவையாளர் பல ஆண்டுகளாக இணையம் கொடுத்துவந்த வீடும் ‘சேவையற்ற வீடு’ என்றே எண்ணப்பட்டது. அதே வீட்டுக்குக் கேபிள் பதிக்க மற்றொரு நிறுவனத்துக்கு அரசுப் பணம் கிடைக்கக்கூடும் என்றாயிற்று. சிறு சேவையாளர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 2025 ஜூனில் புதிய நிர்வாகம் அந்த விதியை விலக்கி, எந்தத் தொழில்நுட்பமும் போட்டியிடலாம், குறைந்த செலவே முதன்மை என்றது. இம்மாற்றத்தை முழுமையாகக் கொண்டாட நம்மால் இயலாது. மலிவானது ஏழைகளுக்கு, உறுதியானது மற்றவர்களுக்கு என்று பிரியும் பாதை அதுவே. சேரிக்கு வானலை, ஊருக்குக் கண்ணாடி இழை என்று நிரந்தரமாகிவிடும் ஏற்பாட்டை நாம் ஏற்க முடியாது. வானலை இன்றைய தேவைக்கு. இழை நாளைய உரிமை.

அமெரிக்க அனுபவத்தில் நம் கவனத்தை மேலும் ஈர்ப்பவை இரண்டு. 2020இல் 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஏலம் விடுவதற்கு முன், தொல்குடிகள் தங்கள் நிலப்பகுதிக்குரிய அலைக்கற்றையை ஏலமின்றி விண்ணப்பித்துப் பெற ஒரு முன்னுரிமைச் சாளரம் திறக்கப்பட்டது. 400க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. வானலையில் இடஒதுக்கீடு என்று இதைச் சொல்லலாம். இந்திய அலைக்கற்றை ஏலங்களில் பட்டியலினத்தவருக்கோ பழங்குடியினருக்கோ அத்தகைய சாளரம் திறக்கப்பட்டதேயில்லை. மற்றொன்று, இனம், நிறம், மதம், வருமானம் ஆகியவற்றின் அடிப்படையில் பிராட்பேண்ட் வழங்கலில் பாகுபாடு காட்டுவதற்கு எதிராக 2023 நவம்பரில் வந்த விதி. உள்நோக்கம் இருந்ததென்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, விளைவு பாகுபாடாக இருந்தாலே போதும் என்றது அது. நிறுவனங்கள் உடனே நீதிமன்றம் சென்றன. இந்தியத் தொலைத்தொடர்புச் சட்டம் 2023இலோ அதன் விதிகளிலோ சாதி காரணமான பாகுபாட்டுக்கு இத்தகைய தடை எதுவும் எழுதப்படவில்லை.

நம் கோரிக்கைகள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. வரையறையில் பதிவேற்ற வேகம் இடம்பெற வேண்டும். வேகத்தைப் பயனரின் வீட்டில், நெரிசல் மிகுந்த நேரத்தில் அளக்க வேண்டும். வீட்டு இணைப்பையும் கைப்பேசியையும் தனித்தனியே எண்ண வேண்டும். கணக்கு ஊராட்சியோடு நிற்காமல் குடியிருப்பு வாரியாக வர வேண்டும். உயர்ந்த வேகத்தைச் சிறு சேவையாளரிடம் கேட்கும் முன், அவருக்கு மேலிருந்து வரும் பாதையை நியாயமான விலையில் தரும் கடமையைப் பெருநிறுவனங்கள் மீது வைக்க வேண்டும்; அக்கடமையின்றி எண்ணை மட்டும் உயர்த்தினால் முதலில் மூடப்படுவது சிறு சேவையாளரின் கடையே. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து பிடிக்கப்படும் தொகையால் நிரம்பும் டிஜிட்டல் பாரத் நிதியில், தலித், பழங்குடிக் குடியிருப்புகளில் அம்மக்களே நடத்தும் வலையமைப்புகளுக்கு உரிய பங்கு ஒதுக்கப்பட வேண்டும்.

டிராயின் கலந்தாய்வுத் தாள்களுக்கு எவரும் எழுத்து மூலம் கருத்துரைக்கலாம். அங்கே நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் தவறாமல் எழுதுகின்றன. தலித் இயக்கங்களும் எழுத வேண்டும். அதற்குமுன் தரவு வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ், 10 ரூபாய்க் கட்டணத்துடன், டான்ஃபினெட் நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் ஒவ்வோர் ஊராட்சியிலிருந்தும் மூன்று கேள்விகள் போகட்டும்: எங்கள் ஊராட்சியில் கண்ணாடி இழை முடியும் இடம் எது? அங்கிருந்து ஆதிதிராவிடர் குடியிருப்பு எவ்வளவு தொலைவு? அக்குடியிருப்பில் இதுவரை எத்தனை வீடுகளுக்கும் பள்ளி, அங்கன்வாடிகளுக்கும் இணைப்பு தரப்பட்டுள்ளது? ‘குடியிருப்பு வாரியாகத் தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். டிராய்க்கும் நீதிமன்றத்துக்கும் நாம் இணைக்க வேண்டிய முதல் ஆவணம் அது.